பாய்லருக்கு அடியில் ஒரு பால் கேன்

2022 டிசம்பர், இரண்டாவது வாரம். இங்கிலாந்தின் ரெடிங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரை நான்கு நாளாக வெள்ளையாகவே கிடந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா அறைக் கதவைத் தட்டினார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் கோட்டு. "ஏம்மா, உங்க பாய்லர் வாய் கொப்பளிக்குது, வந்து பாரு" என்றார்.

கீழே போய்ப் பார்த்தால், சமையலறை அலமாரிக்குள் இருக்கும் பாய்லர் களக் களக்கென்று சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. மறுபடி பற்ற முயன்றது, மறுபடி அதே சத்தம். அப்புறம் திரையில் ஒரு எண் மின்னியது. அவ்வளவுதான். பாய்லர் அனுப்பும் வெந்நீரால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக ஜில்லிட்டுப் போயின. பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் கூப்பிட்டிருப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வழி சொன்னார். இளவயதில் கேஸ் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தவர். 1967இலிருந்து 1977 வரை பிரிட்டன் முழுக்க நிலக்கரி வாயுவை விட்டு வடகடல் இயற்கை வாயுவுக்கு மாறிய காலத்தில், வீடு வீடாகப் போய் அடுப்புகளின் பர்னரை மாற்றியவர்களில் ஒருவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "பின்சுவரில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இறங்குதே, அதில் வெந்நீர் ஊற்று. கொதிநீர் வேண்டாம், குழாய் விரிந்துவிடும்" என்றார். கெட்டில் தண்ணீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து, இரண்டு ஜக் ஊற்றினேன். மூன்றாவது ஜக்கில் குழாயின் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குள் விழுந்தது. பின்னாலேயே மடமடவென்று தண்ணீர். உள்ளே போய் ரீசெட் பொத்தானை அழுத்தினால், பாய்லர் ஒன்றுமே நடக்காததுபோல் பற்றிக்கொண்டது.

காப்பி குடிக்கும்போது அப்பா கேட்டார்: "தண்ணி உறைஞ்சிது, அடைச்சிது, சரி. பாய்லருக்குள்ளேருந்து எதுக்கு வெளியில தண்ணி வருது? ஒழுகுதா?"

அந்தப் பாய்லர் 2016இல் பொருத்தியது. ஆறு வருஷமாக அதன் கீழ்தான் தினமும் சமைக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை.

பாய்லர் என்றால் அப்பாவுக்கு முதலில் நினைவு வருவது கும்பகோணத்தில் பாட்டி வீட்டுச் செம்புப் பாய்லர்தான். நடுவில் ஒரு குழல். அதில் கரியும் கொட்டாங்குச்சியும் போட்டுப் பற்றவைத்தால், சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். கீழே பித்தளைக் குழாயைத் திருகிப் பிடித்துக்கொள்ளலாம். குழலுக்கு மேலே கை வைத்தால் பொசுங்கிவிடும். அவ்வளவு சூடும் கூரைக்குத்தான் போனது. "பாதிக் கரி காக்காய்க்குக் குளிர் காய" என்று பாட்டி திட்டுவாளாம்.

இங்கிலாந்தின் பழைய கேஸ் பாய்லர்களும் ஏறத்தாழ அதே ரகம்தான். நல்ல பழசு என்றால் எரிக்கிற வாயுவில் முப்பது சதவீதத்துக்கு மேல் புகைபோக்கி வழியே போய்விடும். எங்கள் வீட்டில் இருக்கும் கண்டென்சிங் பாய்லர் அந்தப் புகையைப் பிழிந்து, போகிற சூட்டைத் திரும்பப் பிடிக்கிற யந்திரம். பிழிந்தால் தண்ணீர் வரும். உறைந்தது அந்தத் தண்ணீர்தான்.

நெருப்பிலிருந்து தண்ணீர் வரும் என்பதை நம்ப அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதிலிருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகத்தான் ஆகும். 1 கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர், ஆவியாக. அந்த ஆவி சும்மா போவதில்லை. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், அதே சூட்டில் இருக்கும் வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துப்போகும் இல்லையா? ஆவி தோலில் தண்ணீராக மாறும்போது, தான் ஆவியாவதற்கு வாங்கிய சூட்டை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதுதான். வாயுவின் மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு இந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது.

அதைப் பிடிக்க வேண்டுமானால் புகையை அதன் பனிநிலைக்கு, அதாவது ஆவி தண்ணீராகத் தொடங்கும் சூட்டுக்கு, கீழே குளிர வைக்க வேண்டும். கேஸ் பாய்லர் புகைக்கு அது சுமார் 55 டிகிரி. குளிர வைப்பது எது? வீட்டைச் சுற்றிவிட்டு ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர். அது 55க்குக் கீழே வந்தால்தான் ஆவி தண்ணீராகும். 65இல் திரும்பி வந்தால் ஒரு சொட்டு விழாது. பெயர்தான் கண்டென்சிங், வேலை பழைய பாய்லர் வேலை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி பாய்லரின் முன்னால் போய் நின்றேன். இரண்டு திருகுகள். ஒன்றில் குழாய்ப் படம், அது குளிக்கிற தண்ணீருக்கு. இன்னொன்றில் ரேடியேட்டர் படம். அதைத் தொட்டதும் திரையில் தெரிந்த எண் 75. ஆறு வருஷமாக 75. பொருத்தியவர் வைத்துவிட்டுப் போனது, நாங்கள் அதைத் தொட்டதேயில்லை. எங்களுக்குத் தெரிந்த திருகு ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட் மட்டும்தான். அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்பதைத்தான் அது சொல்லும். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு கொதிக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அதற்கு வேறு திருகு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

எதற்காக 75? பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். பழைய பாய்லர்களின் உள்ளே வார்ப்பிரும்பு. அதில் இந்தத் தண்ணீர் பட்டால் அரித்துவிடும், அமிலத் தண்ணீர் அது. அதனால் பாய்லரை எப்போதும் சூடாகவே வைக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டு வியர்க்கவிடக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். புதிய பாய்லரின் உள்பாகம் துருப்பிடிக்காத எஃகு அல்லது அலுமினியக் கலவை, வியர்ப்பதற்கென்றே செய்தது. யந்திரம் மாறிவிட்டது, ஃபிட்டரின் கை மாறவில்லை. போதாததற்கு, 60இல் வைத்துவிட்டுப் போனால் மறுநாளே "ரேடியேட்டர் சூடாகவில்லை" என்று ஃபோன் வரும். 75இல் வைத்தால் எவரும் கூப்பிடமாட்டார்கள். கூடுதல் பில் கட்டுகிறவருக்கு அது கூடுதல் என்றே தெரியாது.

சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் கண்டென்சிங்காகத்தான் இருக்க வேண்டும். 2010இல் பழைய பாய்லரைக் கழற்றிப் போட்டால் 400 பவுண்டு என்று அரசாங்கமே வவுச்சர் கொடுத்தது. 2018இல் இங்கிலாந்தில் இன்னொரு விதி: செயல்திறன் குறைந்தது 92 சதவீதம். ஆனால் அந்த 92 எந்தச் சூட்டில் என்று பில் கட்டுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதற்கு உக்ரைன் யுத்தமும் வாயு விலையேற்றமும் வர வேண்டியிருந்தது. பனிக்கட்டி விழுந்த அதே டிசம்பரில்தான், பாய்லரை 75இலிருந்து 60க்குக் குறையுங்கள், வருஷத்துக்கு 100 பவுண்டு வரை மிச்சமாகும் என்று அரசாங்கம் விளம்பரம் செய்தது.

நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் இதையெல்லாம் புலம்பினேன். "அடிப்பாவி, எங்க ஊர்ல இது 1981லேயே வந்தாச்சு" என்றாள். அங்கே அதற்கு எச்.ஆர். கெட்டல் என்று பெயர், உயர்செயல்திறன் கெட்டில் என்று அர்த்தம். 1959இல் குரோனிங்கன் பக்கம் ஸ்லோக்டரனில் பெரிய வாயு வயலைக் கண்டுபிடித்து, நாடு முழுக்கக் குழாய் போட்டவர்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் கையை இறுக்கக் கற்றுக்கொண்டார்கள். தன் பாய்லரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாள். எச்.ஆர். 107 என்று இருந்தது.

"நூத்தியேழு சதவீதமா? நூறு ரூபாய் போட்டா நூத்தியேழு ரூபாய் வருமா? சீட்டுக் கம்பெனி மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

மோசடி இல்லை, கணக்கு வைக்கிற விதம். நெதர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளில் வாயுவின் சூட்டைக் கணக்கிடும்போது ஆவியில் ஒளிந்திருப்பதைச் சேர்க்காமல் எழுதுவார்கள். சேர்க்காத தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, அப்புறம் ஆவியிலிருந்தும் கொஞ்சம் பிடித்தால் 107 வரத்தான் செய்யும். ஒளிந்திருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதே பாய்லர் நூற்றுக்குள் அடங்கிவிடும். இங்கே பிரிட்டனில் பில் போடுவது ஆவியையும் சேர்த்த கணக்கில். அதாவது அந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் வாயுவைக் கொடுக்கிறார்கள். நான் ஆறு வருஷமாக அதைச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சரி, எவ்வளவு அனுப்பினேன்? இதை அளக்கலாம் என்ற யோசனை அப்பாவுடையது. அவர் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர் என்று ஒன்று இருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. வந்த இரண்டாம் நாளே கேஸ் மீட்டரின் பெட்டியைத் திறந்து பார்த்தார். அது கன மீட்டரில் காட்டுகிறது, பில்லோ கிலோவாட் மணியில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே 1.02264 என்று ஒரு எண்ணால் பெருக்கி, கலோரி மதிப்பால் பெருக்கி, 3.6ஆல் வகுக்க வேண்டும். "யூனிட்டை யூனிட்டா எழுத இவனுகளுக்கு என்ன கேடு" என்று முணுமுணுத்துக்கொண்டே, 1 கன மீட்டருக்குச் சுமார் 11 யூனிட் என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

குழாயின் வாய் சாக்கடை மூடிக்கு ஒரு ஜாண் மேலே முடிகிறது. அங்கே 4 பைன்ட் பால் கேனை, கழுத்தை வெட்டிவிட்டு வைத்தோம். 2.27 லிட்டர் பிடிக்கும். ஜனவரியில், வெளியே நான்கு டிகிரியைத் தாண்டாத நாட்களாகப் பார்த்து, ஒவ்வொரு சூட்டிலும் இரண்டு நாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரவில்லை. பாய்லரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அது நிறைந்ததும் மொத்தமாகக் கவிழ்வதுபோல் டொபுக்கென்று ஒரு வாய்த் தண்ணீர், அப்புறம் அமைதி. மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகப் போனால் உறைந்துவிடும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் குழாய் வடக்குச் சுவரில், உறையில்லாமல், விரல் பருமனில் இருந்ததால் அதற்கும் பலன் இல்லாமல் போயிற்று. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. "இதைக் கருவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்தலாமே" என்றார் அப்பா. ஆரஞ்சுச் சாறு அளவுக்குப் புளிப்பு அது, செடி போய்விடும் என்று தடுக்க வேண்டியிருந்தது. பாவம், அவருக்குத் தண்ணீர் சும்மா போவதைப் பார்க்க முடியவில்லை.

75இல் நாளெல்லாம் ஓடியும் கேனில் பாதிகூட இல்லை. அதுவும் காலையில் வீடு ஜில்லென்று இருக்கும்போது, முதல் அரைமணியில் வந்தது. 60இல் கேன் விளிம்பு வரை வந்தது. 55இல் ஒரு கேன் நிறைந்து, இரண்டாவதில் முக்கால். ஏறத்தாழ 4 லிட்டர். மூன்று தடவையும் நாளுக்கு 60 யூனிட்டைச் சுற்றித்தான் வாயு எரிந்தது, 55இல் கொஞ்சம் குறைவு.

ஒரு லிட்டர் ஆவி தண்ணீரானால் மூன்றில் இரண்டு பங்கு யூனிட் சூடு வீட்டுக்குள் வரும். 4 லிட்டருக்கு 2.7 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்த விலையே யூனிட்டுக்கு 10.3 பென்ஸ். ஆக 27, 28 பென்ஸ். அப்போது பவுண்டு நூறு ரூபாய்ப் பக்கம். அப்பா மனக்கணக்கில் மாற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு இருபத்தேழு ரூபாய்க்கா இந்தக் குளிர்ல குந்திக்கிட்டு இருக்கோம்?"

தண்ணீரில் பிடித்தது மட்டும்தான் அது. போகிற புகையே குளிர்ந்து போவதால் கொஞ்சம் மிச்சம். பாய்லர் அடிக்கடி அணைந்து பற்றாமல் இருப்பதால் இன்னும் கொஞ்சம். எங்கள் பாய்லர் 28 கிலோவாட். குளிக்கும்போது உடனுக்குடன் வெந்நீர் தர அவ்வளவு வேண்டும். வீட்டைச் சூடாக்க, கடுங்குளிரிலும் அதில் கால்வாசி போதும். 75இல் அது ஆவேசமாகப் பற்றி, நான்கு நிமிஷத்தில் எல்லையைத் தொட்டு அணையும், மறுபடி பற்றும். 55இல் சிறு தீயில் பொங்கல் வைப்பதுபோல் நிதானமாக எரிந்தது. அப்பாவின் நோட்டில் ஒரே மாதிரிக் குளிர் இருந்த நாட்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு எட்டு யூனிட் குறைந்திருந்தது.

வீட்டில் இதற்கு வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. முதல் நாள் மாலை என் கணவர் வேலை முடிந்து வந்ததும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். "இது ஓடவே இல்லையே." ஓடியது. கையைச் சுடவில்லை, அவ்வளவுதான். அறை இருபது டிகிரியில் இருக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் காட்டினால், "எனக்கு இருபது மாதிரி இல்லை" என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ரேடியேட்டரின் சக்தி என்று கடையில் எழுதியிருப்பது, அறையைவிட ஐம்பது டிகிரி அதிகமாக அது சுடும்போது. 1000 வாட் ரேடியேட்டரில் சராசரி 50 டிகிரித் தண்ணீர் ஓடினால், 20 டிகிரி அறைக்குள் 500 வாட் சொச்சம்தான் கிடைக்கும். பாதி. எங்கள் வீட்டில் முன்னறைக்கு அது போதுமாக இருந்தது. அப்பா படுத்த பின்னறைக்குப் போதவில்லை. அங்கே இருந்த ஒற்றைத் தகட்டு ரேடியேட்டரை இரட்டைத் தகடாக மாற்றினோம். காலையில் ஓடத் தொடங்கும் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் இருக்கும் சின்ன வால்வைக் கால் திருகு, அரைத் திருகு என்று சரிசெய்தேன். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர்கள் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டுச் சூடாகவே திருப்பி அனுப்பும், கடைசி ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும். அதை ஒழுங்குபடுத்தினால்தான் திரும்பி வரும் தண்ணீர் குளிர்ந்து வரும். அப்பா முன்னால் போய் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்து, "இது சரி, இது இன்னும் கொதிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வயது எழுபத்து மூன்று. அந்தக் குளிர்காலத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நாட்களில் அது ஒன்று.

படித்துவிட்டு உடனே திருகைத் திருப்பப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுடையது காம்பி, வெந்நீர் அப்போதைக்கப்போது சூடாவது. உங்கள் வீட்டில் தனியாக வெந்நீர்த் தொட்டி இருந்தால், அதில் தண்ணீர் 60 டிகிரியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த வீடுகளில் இந்தத் திருகைத் தொடுவதற்கு முன் ஆளைக் கேளுங்கள். பாய்லரின் மூடியைக் கழற்றுவது எந்த வீட்டிலும் வேண்டாம். அதற்கு கேஸ் சேஃப் என்ற பட்டியலில் பதிவு பெற்ற ஃபிட்டர்தான் வர வேண்டும்.

இப்போது எல்லோரும், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் பற்றிப் பேசுகிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு மானியம் வேறு. எனக்கும் ஆசை இருக்கிறது. மின்சாரம் வாயுவைவிட மூன்று மடங்குக்கும் மேல் விலை என்பதால், அந்த யந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் சூடு கொடுத்தால்தான் கட்டும். அப்படிக் கொடுக்க வேண்டுமானால் அதற்கும் தண்ணீர் மிதமான சூட்டில் ஓட வேண்டும். 55இல் வீடு குளிர்காலத்தைத் தாங்கிவிட்டது என்பதை நான் ஏற்கெனவே செலவில்லாமல் பார்த்துவிட்டேன். எட்டு வருஷப் பாய்லரை நன்றாக ஓடும்போதே கழற்ற மனசு வரவில்லை, அது வேறு. பெரியவர் ஹீட் பம்பை நம்பவில்லை. இந்தப் பாய்லரையும் அவர் முதலில் நம்பவில்லையாம்.

அப்பா மார்ச்சில் ஊருக்குப் போனார். அதற்கு அடுத்த மாதம் அந்த மெல்லிய குழாயை எடுத்துவிட்டு, 32 மில்லிமீட்டர் குழாயாகப் போட்டு, கறுப்பு உறை மாட்டி, நேராகச் சாக்கடை மூடிக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். இனி உறையாது. கேன் வைக்கவும் இடமில்லை.

போன வாரம் வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டார். கும்பகோணத்தில் மார்கழிப் பனி தாங்கவில்லை என்று அங்கேயும் குல்லா போட்டிருந்தார். மருமகன் எப்படி, குழந்தைக்குப் பரீட்சை எப்போது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "கேன் எவ்வளவு வந்துது இன்னிக்கு?" என்றார்.

"ஒண்ணே முக்கால்ப்பா" என்றேன்.

நோட்டை எடுத்து எழுதுகிற சத்தம் கேட்டது.